புள்ளி தெரிந்த பிறகு மருந்து: வாழை இலைப்புள்ளி நோயில் நாம் எங்கே தவறுகிறோம்?

ஐப்பசி பிறந்து இரண்டு மழை விழுந்துவிட்டால், எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி வாழையைப் பற்றியதாகவே இருக்கும். படமும் கூடவே வந்துவிடும். கீழ் இலைகள் நான்கைந்து கருகித் தொங்கும். அவற்றுக்கு மேலே உள்ள இலைகளில் மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளிகள். கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: "என்ன மருந்து அடிக்கலாம் சார்?"

தொட்டியம் பகுதியிலிருந்து அழைத்த ஒரு விவசாயி மட்டும் வேறு மாதிரி கேட்டார். "மூணு தடவை அடிச்சாச்சு. மூணும் வேற வேற மருந்து. அப்பவும் மேல ஏறிக்கிட்டே போகுது. கடையில குடுத்தது போலி மருந்தா சார்?"

காலிக் குப்பிகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மூன்று நிறுவனங்கள், மூன்று வணிகப் பெயர்கள், மூன்று விலை. ஆனால் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்த ரசாயனப் பெயரைப் படித்தால், முதலாவதில் புரோப்பிகோனசோல், அடுத்ததில் டெபுகோனசோல், மூன்றாவதில் ஹெக்சாகோனசோல். மூன்றும் ஒரே குடும்பத்து மருந்துகள். பூஞ்சாணத்தின் உடலில் ஒரே இடத்தைத் தாக்குபவை. அவர் வேறு வேறு மருந்து அடிக்கவில்லை. ஒரே மருந்தை மூன்று பெயரில் அடித்திருக்கிறார். அதுவும், கருகிய இலை ஒன்றைக்கூட மரத்திலிருந்து இறக்காமல்.

அந்த விவசாயியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இலைப்புள்ளி நோய்க்கு நம் ஊரில் செய்யப்படும் செலவில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. தாமதமாக ஆரம்பிக்கிறோம், ஒரே குடும்ப மருந்தையே சுற்றிச் சுற்றி அடிக்கிறோம், நோயின் மூட்டையை மரத்திலேயே தொங்க விடுகிறோம்.

எந்தப் புள்ளி?

முதலில் நோயைச் சரியாகப் பிரித்தறிய வேண்டும். வாழை இலை மஞ்சளானால் எல்லாம் சிகடோகா ஆகிவிடாது. சாம்பல் சத்துக் குறைபாட்டில் முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி, பிறகு முழு இலையும் விரைவாகக் காய்ந்து மடங்கும். தனித்தனிப் புள்ளி இருக்காது. இலை மீதும் காய் மீதும் மணல் ஒட்டியது போல் கருநிறப் பொட்டுகள் இருந்து, விரலால் தடவினால் சொரசொரப்பாக இருந்தால் அது வேறொரு பூஞ்சாணம். பெரிய, முட்டை வடிவப் பழுப்புத் திட்டுகளில் வளையம் வளையமாகக் கோடுகள் தெரிந்தால் அது கார்டானா இலைப்புள்ளி. நலிந்த இலையிலும், ஏற்கெனவே சிகடோகா வந்த இலையிலும் தொற்றிக்கொள்வது.

சிகடோகா தொடக்கத்தில் மிகச் சிறியது. இலையின் பக்க நரம்புக்கு இணையாக, வெளிர் மஞ்சள் அல்லது செம்பழுப்பு நிறத்தில் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் நீளக் கீற்றாகத் தெரியும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால்தான் பிடிபடும். அந்தக் கீற்று நீண்டு, பழுப்பாகி, நடுவில் சாம்பல் நிறமும் சுற்றிலும் மஞ்சள் வளையமும் கொண்ட புள்ளியாகும். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இலையைக் கருக்கும். தொலைபேசியில் எனக்கு வரும் படங்கள் எல்லாமே இந்தக் கடைசிக் கட்டத்துப் படங்கள்.

சிகடோகா என்பது பிஜித் தீவில் உள்ள ஒரு பள்ளத்தாக்கின் பெயர். 1902-இல் ஜாவாவில் முதலில் பதிவான இந்த நோய், பத்தாண்டு கழித்து அந்தப் பள்ளத்தாக்கில் பெரும் சேதம் செய்ததால் அப்பெயர் நிலைத்தது. 1960-களில் அதே பிஜியில் இன்னும் கடுமையான கருப்பு சிகடோகா அடையாளம் காணப்பட்டது. இன்று மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் விமானம் வைத்து ஆண்டுக்கு நாற்பது, ஐம்பது முறை மருந்து தெளிக்க வைப்பது அந்தக் கருப்பு வகைதான். நம் பக்கத்தில் மஞ்சள் சிகடோகாவுடன் மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. தென்னிந்தியா, இலங்கை, தாய்லாந்து, மலேசியா, வியட்நாம் உள்ளிட்ட இடங்களில் எடுத்த மாதிரிகளை வைத்து 2000-ஆம் ஆண்டில் அதைத் தனி இனமாக அறிவித்தார்கள். யூமுசே இலைப்புள்ளி என்பது அதன் பெயர். கண்ணால் பார்த்து இதையும் மஞ்சள் சிகடோகாவையும் பிரிப்பது எங்களுக்கே கடினம். ஆய்வகத்தில்தான் உறுதி செய்ய முடியும். தோட்டத்தில் செய்ய வேண்டியது இரண்டுக்கும் ஒன்றே என்பதால் விவசாயிகள் இதற்காகக் குழம்ப வேண்டியதில்லை.

இன்றைய புள்ளி, போன மாதத்து மழை

இந்த நோயில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த ஒரு விஷயத்தைத்தான். பூஞ்சாண வித்து வந்து விழுவது முதிர்ந்த இலையில் அல்ல. பெரும்பாலும் குருத்திலும், அப்போதுதான் விரிந்த முதல், இரண்டாவது இலைகளிலும்தான். இலையின் அடிப்பக்கத்தில் உள்ள இலைத்துளை வழியாக உள்ளே நுழைகிறது. நுழைந்த பிறகு மூன்று முதல் ஐந்து வாரம் வரை வெளியே பெரிதாக எதுவும் தெரியாது. அதற்குள் வாழை மேலும் மூன்று, நான்கு இலைகளை விட்டுவிடுகிறது. நல்ல வளர்ச்சியில் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு இலை வருமல்லவா? ஆகவே இன்று ஐந்தாவது இலையில் நீங்கள் பார்க்கும் புள்ளி, அந்த இலை குருத்தாக இருந்தபோது பெய்த மழையில் விழுந்த வித்து.

அப்படியானால் இன்று பெய்யும் மழையில் விழும் வித்து எங்கே இருக்கிறது? பச்சைப் பசேலென்று, ஒரு குறையும் இல்லாமல் நிற்கும் மேல் இரண்டு இலைகளில். விவசாயி கீழ் இலையைப் பார்த்து மருந்தைக் கீழே அடிக்கிறார். நோய் மேலே இருக்கிறது.

வித்து பரவும் வழி இரண்டு. புள்ளியின் மேற்பரப்பில் உண்டாகும் ஒரு வகை வித்து, மழைத்துளியிலும் பனித்துளியிலும் கரைந்து கீழே வழியும். அதே மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும், கீழே நிற்கும் பக்கக்கன்றுக்கும் போகும். கருகிக் காய்ந்த பகுதியில் உண்டாகும் இன்னொரு வகை, இலை நனைந்தவுடன் வெடித்துக் கிளம்பிக் காற்றில் போகும். இதற்கு வேலி, வரப்பு எதுவும் கிடையாது. ஒரு மழைக்குப் பிறகு, கருகித் தொங்கும் ஒவ்வொரு இலையும் வித்து வீசும் எந்திரம் மாதிரிதான். காய்ந்துவிட்டது, இனி என்ன செய்யப்போகிறது என்று விட்டுவைக்கும் சருகுதான் அதிகம் கெடுக்கிறது.

குலை தள்ளிய பிறகு இலை கிடையாது

வாழை குலை தள்ளிய பிறகு புதிய இலை விடாது. அன்று மரத்தில் எத்தனை நல்ல இலை இருக்கிறதோ அதை வைத்துத்தான் அடுத்த மூன்று மாதமும் காய் ஊற வேண்டும். குலை தள்ளும்போது குறைந்தது எட்டு நல்ல இலைகளாவது இருக்க வேண்டும். பன்னிரண்டு இருந்தால் மனநிம்மதி. ஐந்து, ஆறு என்று குறைந்தால் சீப்பு எண்ணிக்கை மாறாது, ஆனால் காய் பருக்காது.

எடைக் குறைவு கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். தெரியாத நஷ்டம் இன்னொன்று இருக்கிறது. நான் பணியில் சேர்ந்த புதிதில், குலை தள்ளி ஒரு மாதமான ரொபஸ்டா தோட்டம் ஒன்றைப் பார்க்கப் போனேன். மரத்துக்கு ஐந்து இலை தேறும். புத்தகத்தில் உள்ளபடி மூன்று முறை தெளிக்கச் சொன்னேன். அவரும் ஒழுங்காகச் செய்தார். புள்ளி மேற்கொண்டு பரவவில்லை. தார் எடையும் மோசமில்லை. முக்கால் முற்றலில் வெட்டி லாரியில் ஏற்றினார்கள். சரக்கு போய்ச் சேருவதற்குள் கணிசமான தார்கள் பழுத்துவிட்டன. வியாபாரி பேசிய விலையில் பாதியைக் கொடுத்தார். அந்த விவசாயி என்னிடம் கோபிக்கவில்லை. "நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன்" என்று மட்டும் சொன்னார். புள்ளியை எண்ணிய நான் மிச்சமுள்ள இலையை எண்ணவில்லை. சிகடோகா தாக்கிய மரத்தின் காய், பார்க்கப் பச்சையாக இருந்தாலும் உள்ளே முன்கூட்டியே பழுக்கத் தயாராகிவிடுகிறது. ஐந்து இலையோடு நிற்கும் மரத்தில் மருந்துக்குச் செலவழிப்பதைவிட, தாரை உள்ளூர்ச் சந்தைக்குச் சீக்கிரம் வெட்டுவது நல்லது என்று அன்று சொல்லியிருக்க வேண்டும்.

தேனி, கோவை, ஈரோடு பகுதிகளில் ஜி-9 வாழையை வளைகுடா நாடுகளுக்கு அனுப்புவோருக்கு இது இன்னும் முக்கியம். குளிர்பெட்டிக்குள் ஒரு பெட்டி பழம் பழுத்தால், அது வெளியிடும் எத்திலீன் வாயு பக்கத்துப் பெட்டிகளையும் பழுக்க வைக்கும். ஒரு விவசாயியின் நோயுற்ற தார் மற்றவர்களின் சரக்கையும் சேர்த்துக் கெடுக்கும்.

முதலில் தொரட்டி

மருந்துக்கு முன் அறுத்தல். தோட்டக்கலைத் துறையின் துண்டறிக்கை ஒவ்வொன்றிலும் "பாதிக்கப்பட்ட இலைகளை அகற்ற வேண்டும்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியோடு விட்டுவிடுவதுதான் குறை. எந்த இலையை, எவ்வளவு, எப்போது என்று சொல்வதில்லை. விவசாயியோ, இலை போனால் காய் போகும் என்று பயப்படுகிறார். அந்தப் பயமும் நியாயமானதே.

இலையில் நுனியில் மட்டும் புள்ளி இருந்தால் நுனியை மட்டும் வெட்டினால் போதும். ஓரம் கருகியிருந்தால் அந்த ஓரத்தை மட்டும் நடுநரம்பு வரை கீறி எடுக்கலாம். பாதிக்கு மேல் கருகிய இலையை முழுதாக இறக்கிவிடலாம். அது உணவு தயாரிப்பதைவிட வித்து தயாரிப்பதே அதிகம். பச்சையாக உள்ள பகுதியை வீணாக வெட்டக் கூடாது. மழைக்காலத்தில் பத்து, பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று இதைச் செய்ய வேண்டும். ஏக்கருக்கு ஏறக்குறைய 1,200 மரம். ஆள் கூலி இருக்கிற நிலையில் இது சுலபமல்ல என்பது தெரியும். ஆனால் ஒரு தெளிப்புக்கு மருந்து, எண்ணெய், எந்திர வாடகை, ஆள் என்று ஆகும் செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மழைக்கு முன்பே ஒரு சுற்று அறுத்துவிட்ட தோட்டத்தில் தெளிப்பு ஒன்றோ இரண்டோ குறைவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

வெட்டிய இலையை என்ன செய்வது? எரிக்கச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாழை இலையில் சாம்பல் சத்தும் மட்கும் பொருளும் உள்ளன. ஈர இலை எரியவும் எரியாது. மரத்தில் தொங்கும்வரைதான் அது பெரிய ஆபத்து. தரையில் கிடந்தால் ஈரம் பட்டு மட்கத் தொடங்கி, வித்து உற்பத்தி வேகமாகக் குறைகிறது. இரண்டு வரிசைக்கு நடுவே குவித்து, மேலே யூரியாக் கரைசலோ சாணக் கரைசலோ தெளித்துவிட்டால் இன்னும் விரைவாக மட்கும். ஒரே நிபந்தனை, மரத்தின் தூரில் சாய்த்துவைக்கக் கூடாது. பக்கக்கன்று மேல் போடக் கூடாது.

பக்கக்கன்று என்றதும் ஒன்று. அடுத்த தாம்புக்கு விட்ட ஒரு கன்று போக மற்றவற்றை மாதம் ஒரு முறை எடுத்துவிட வேண்டும். நெருக்கமான தோட்டத்தில் காலை பத்து மணிவரை இலை ஈரம் காயாது. பூஞ்சாணத்துக்கு அதுவே போதும். ஒரு குழிக்கு மூன்று கன்று வைக்கும் அடர் நடவில் வடிகால், களை, பக்கக்கன்று மூன்றையும் கவனிக்க முடியாவிட்டால் அந்த முறைக்குப் போகாமல் இருப்பதே மேல். உரத்தில் தழைச்சத்தை மட்டும் அள்ளிப் போட்டுச் சாம்பல் சத்தைக் குறைப்பதும் தவறு. தோட்டக்கால் வாழைக்கான பொதுப் பரிந்துரையே மரத்துக்கு 110:35:330 கிராம். சாம்பல் சத்து தழைச்சத்தைப் போல மூன்று மடங்கு.

குடும்பம் பார்த்து வாங்குங்கள்

இனி மருந்து. 1970-களில் மத்திய அமெரிக்காவில் பெனோமைல் என்ற மருந்து வந்தபோது சிகடோகா தீர்ந்தது என்றே நினைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே பூஞ்சாணம் அதற்குப் பழகிவிட்டது. நம் கடைகளில் கிடைக்கும் கார்பென்டாசிம் அதன் நெருங்கிய உறவு; பெனோமைல் செடியில் பட்டதும் கார்பென்டாசிமாகத்தான் மாறுகிறது. பிறகு 1990-களின் இறுதியில் அசாக்சிஸ்ட்ரோபின் வந்தது. அதற்கும் சில ஆண்டுகளில் அதே கதி. ஒரே இடத்தில் அடிக்கும் மருந்தைத் தொடர்ந்து அடித்தால், தப்பிப் பிழைக்கும் சில வித்துகள் மட்டும் பெருகித் தோட்டத்தை நிரப்பும். மருந்து போலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கடையில் வணிகப் பெயரைக் கேட்காமல் ரசாயனப் பெயரைப் படியுங்கள். "கோனசோல்" என்று முடிபவை எல்லாம் ஒரு குடும்பம். "ஸ்ட்ரோபின்" என்று முடிபவை இன்னொன்று. கார்பென்டாசிம், தயோபனேட் மீத்தைல் மூன்றாவது. இவை இலைக்குள் ஊடுருவுபவை; இரண்டு தெளிப்புக்கு மேல் ஒரே குடும்பம் தொடரக் கூடாது, ஒவ்வொரு முறையும் மாற்றினால் இன்னும் நல்லது. இரண்டு மருந்து கலந்து வரும் குப்பிகளில் இரண்டு பெயரையும் பாருங்கள். சென்ற முறை அடித்ததே அதில் பாதியாக இருக்கலாம். மேன்கோசெப், காப்பர் ஆக்சிகுளோரைடு போன்றவை இலை மேலேயே நின்று காப்பவை. பூஞ்சாணம் இவற்றுக்கு எளிதில் பழகாது. ஆனால் உள்ளே நுழைந்துவிட்ட நோயை இவை தொடாது. பின்னர் வரும் புதிய இலைக்கும் காப்பு இருக்காது. 21 நாளுக்கு ஒரு முறை இதை மட்டும் தெளித்தால் இடையில் வந்த இரண்டு, மூன்று இலைகள் காவலின்றி நிற்கும்.

என் கணக்கு இப்படி. தோட்டத்தில் குறுக்காக நடந்து, குலை தள்ளாத இருபது மரங்களைப் பாருங்கள். முழுதாக விரிந்த மேல் இலையை ஒன்று என வைத்துக் கீழ்நோக்கி எண்ணுங்கள். பத்துப் புள்ளிக்கு மேல் உள்ள முதல் இலை எத்தனையாவது? ஏழு, எட்டுக்குக் கீழே என்றால் தொரட்டி போதும். மழை தொடரும் என்றால் மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் போதும். ஐந்து, ஆறு என்றால் அறுத்த கையோடு ஊடுருவும் மருந்து தேவை. புரோப்பிகோனசோல் லிட்டருக்கு 1 மில்லி, அதனுடன் பெட்ரோலியத் தெளிப்பு எண்ணெய் 10 மில்லி. 20 முதல் 25 நாள் இடைவெளியில் அடுத்த தெளிப்பு, வேறு குடும்பத்தில். மூன்று, நான்கு என்றால் தோட்டம் கைமீறிக்கொண்டிருக்கிறது. வயதையும் இலை எண்ணிக்கையையும் பார்த்து, செலவு தேறுமா என்று யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

எண்ணெய் என்றால் தெளிப்புக்கென விற்கும், நீரில் பால் போலக் கலையும் எண்ணெய். வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயில் அல்ல. அதை அடித்து இலையைக் கருக்கிய தோட்டத்தையும் பார்த்திருக்கிறேன். உச்சி வெயிலில் எண்ணெய்த் தெளிப்பு வேண்டாம். குளோரோதலோனில், கந்தகம், கேப்டான் இவற்றுடன் எண்ணெயைக் கலக்கவே கூடாது.

மருந்து குருத்துக்கும் மேல் மூன்று இலைக்கும் போய்ச் சேர வேண்டும். பத்தடி உயர மரத்துக்கு முதுகில் சுமக்கும் கைத்தெளிப்பானால் அது முடியாது, விசைத்தெளிப்பான் தேவை. டிரோன் இப்போது பல ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கிறது. மேலிருந்து தெளிப்பதால் குருத்தில் நன்றாகப் படுகிறது என்பது அதன் பலம். குறைந்த நீரில் தெளிப்பதால் இலையின் அடிப்பக்கம் நனையாது என்பது பலவீனம். ஆகவே டிரோனுக்கு இலைக்குள் ஊடுருவும் மருந்தே பொருந்தும். கீழே கருகிய இலைகளை அறுக்காமல் டிரோன் விடுவதில் அர்த்தம் இல்லை.

திருவையாறு, தஞ்சை பக்கம் இலைக்காகவே வாழை வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இளம் இலையாகவே அறுத்துவிடுவதால் உங்கள் தோட்டத்தில் புள்ளி முற்றுவதற்கு நேரமே இருக்காது. அறுவடையே பாதி வைத்தியம். விற்கும் இலையில் ஊடுருவும் மருந்து வேண்டாம். அதில் சோறு போட்டுச் சாப்பிடுகிறார்கள்.

தடைப் பட்டியலும் வெளிநாட்டுச் சந்தையும்

2020 மே மாதத்தில் மத்திய அரசு 27 பூச்சி, பூஞ்சாண மருந்துகளைத் தடை செய்ய வரைவு ஆணை வெளியிட்டது. அதில் மேன்கோசெப்பும் கார்பென்டாசிமும் இருந்தன. வாழை விவசாயிகள் அப்போது கலங்கியது நினைவிருக்கலாம். 2023-இல் வந்த இறுதி ஆணையில் மூன்று மருந்துகளுக்கு மட்டுமே முழுத் தடை. மேன்கோசெப்புக்குக் கொய்யா, சோளம், மரவள்ளி ஆகியவற்றில் மட்டும் அனுமதி நீங்கியது, வாழைக்குத் தொடர்கிறது. ஐரோப்பிய ஒன்றியமோ புரோப்பிகோனசோலுக்கு 2018-லும், குளோரோதலோனிலுக்கு 2019-லும், மேன்கோசெப்புக்கு 2020-லும் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. அப்படி அனுமதி இழந்த மருந்துகளின் எச்சம் பழத்தில் பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற நிலைக்கு அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நமக்கு என்ன என்று கேட்கலாம். நம் வாழை பெரும்பாலும் போவது மேற்கு ஆசியாவுக்கு. ஆனால் 2023 இறுதியில் மகாராஷ்டிரத்தின் பாராமதியிலிருந்து கடல் வழியாக நெதர்லாந்துக்குச் சோதனைச் சரக்கு போயிருக்கிறது. அந்தக் கதவு திறந்தால், நம் பரிந்துரைப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் இரண்டு மருந்துகளும் அந்தச் சந்தைக்கு ஆகாதவை. ஏற்றுமதிக்கு விளைவிப்போர் எந்தத் தேதியில் எதை அடித்தார்கள் என்று இப்போதே எழுதி வைக்கப் பழக வேண்டும். தாருக்கு உறை போடுவதையும் தவிர்க்கக் கூடாது. உள்ளூர்ச் சந்தையாக இருந்தாலும், லேபிளில் வாழை என்ற பெயர் இருக்கிறதா, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்தச் சொல்லியிருக்கிறது என்ற இரண்டையும் படிக்காமல் கடையை விட்டு வராதீர்கள்.

ஆராய்ச்சியாளர்களான எங்கள் பக்கமும் பாக்கி இருக்கிறது. கற்பூரவள்ளி, மொந்தன் போன்ற ரகங்கள் இந்த நோயை ஓரளவு தாங்கும். ஜி-9, ரொபஸ்டா தாங்காது. சந்தையோ இரண்டாவது வகையைத்தான் கேட்கிறது. வாங்குவோர் ஏற்கும் சுவையும், நோய் தாங்கும் திறனும் ஒன்றாகச் சேர்ந்த ரகம் இன்னும் விவசாயி கையில் வந்து சேரவில்லை.

பக்கத்துத் தோட்டம்

காற்றில் வரும் நோய்க்கு ஒருவர் மட்டும் வைத்தியம் பார்த்துப் பயனில்லை. தார் வெட்டிய பிறகு அப்படியே நிற்கும் மரங்கள், விலை இல்லை என்று கைவிட்ட மறுதாம்புத் தோட்டங்கள், வெளியூரில் இருப்பவரின் பராமரிக்காத நிலம்: இவைதான் ஊருக்கே வித்து வழங்குகின்றன. தென்னையில் வண்டுப் பொறி வைக்கும்போது ஊரோடு சேர்ந்து வைக்கச் சொல்கிறோம். வாழைக்கும் அதே முறை வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் மருந்து விற்கும் கடையாக மட்டும் இல்லாமல், புரட்டாசி முடிவதற்குள் உறுப்பினர் தோட்டங்களில் இலை அறுக்க ஒரு குழுவை அனுப்பலாம். எந்த மாதம் எந்தக் குடும்ப மருந்து என்று ஊருக்கே ஒரு வரிசை வைத்துக்கொள்ளலாம். மானியம் கன்றுக்கும் உரத்துக்கும் கிடைக்கிறது, அறுக்கும் கூலிக்குக் கிடைப்பதில்லை. வாழை அதிகமுள்ள வட்டாரங்களில் முதல் சுற்று அறுப்புக்காவது தோட்டக்கலைத் துறை உதவினால், மருந்துக்குக் கொடுக்கும் மானியத்தைவிட அது அதிகம் பலன் தரும் என்பது என் கருத்து.

இந்த நோயை முன்னறிவிக்கவும் முடியும். மழை நாள்கள், இலை ஈரமாக இருக்கும் நேரம், வெப்பநிலை மூன்றும் தெரிந்தால் எப்போது தெளிப்பது என்று சொல்லிவிடலாம். இந்திய வானிலைத் துறையின் வேளாண் வானிலை அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. அதை மாவட்ட அளவில் கொண்டுபோக வேளாண் அறிவியல் நிலையங்களில் தொடங்கிய 199 அலகுகள், 2024 தொடக்கத்தில் நிதி நீட்டிக்கப்படாமல் நிறுத்தப்பட்டன. நெல்லுக்கும் பருத்திக்கும் போலவே வாழைக்கும் அது இழப்பு. களப்பணியாளர்கள் இருக்கும் அறிக்கையை வைத்தாவது, தொடர்ந்து மூன்று நாள் மழை என்று வந்தால் வாழை விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் "இந்த வாரம் அறுங்கள்" என்று ஒரு வரி போடலாம்.

தொட்டியம் விவசாயிக்கு நான்காவது மருந்தை நான் எழுதிக் கொடுக்கவில்லை. அவருடையது ஏழு மாத வாழை, மேலே ஒன்பது நல்ல இலைகள் இருந்தன, குலை தள்ள இன்னும் நாள் இருந்தது. இரண்டு ஆட்களை வைத்து இரண்டு நாளில் கருகியதை எல்லாம் இறக்கச் சொன்னேன். மழை விட்டு இலை காய்ந்ததும் மேன்கோசெப் ஒரு முறை, மேல் இலைகளுக்கு. பதினைந்து நாள் கழித்து இலையை எண்ணிவிட்டு அழைக்கச் சொல்லியிருக்கிறேன். வடக்கு வரப்பை ஒட்டி நிற்கும் தார் வெட்டிய மரங்கள் பங்காளியுடையதாம். "நான் சொன்னா கேக்க மாட்டார் சார்" என்றார். அலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டேன். அந்த வட்டாரத்து உதவித் தோட்டக்கலை அலுவலரையும் உடன் அழைத்துக்கொண்டு, இந்த வாரம் அவரிடமும் பேச வேண்டும்.